இயந்திரத்துக்கு எண்ணெய் பார்ப்பது யார் கடமை?

கமத்தொழிலை மாடு தாங்கிய காலத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார் கடமை என்ற கேள்வி எழுந்ததில்லை. ஏர் பிடித்தவரே மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். சொந்த மாடாயினும், இரவல் மாடாயினும், கூலி மாடாயினும் வழக்கம் ஒன்றே. இன்று பெரும்பாலான வயல்களிலும் தோட்டங்களிலும் மாட்டின் இடத்தில் உழவு இயந்திரமும், துலாவின் இடத்தில் நீரிறைக்கும் இயந்திரமும், அரிவாளின் இடத்தில் அறுவடை இயந்திரமும் நிற்கின்றன. இவற்றுக்கு எரிபொருள் ஊற்ற ஒருவரும் மறப்பதில்லை. ஊற்றாவிடில் இயந்திரம் உடனே நின்றுவிடும். ஆனால் உராய்வு நீக்கி எண்ணெயைப் பார்ப்பது யார் என்று கேட்டால், சொந்தக்காரர் ஓட்டுநரைக் காட்டுகிறார். ஓட்டுநர் மெக்கானிக்கைக் காட்டுகிறார். மெக்கானிக்கோ, இயந்திரம் இறுகி நின்ற பின்னர்தான் அழைக்கப்படுகிறார்.

இக்கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றே உண்டு. இயந்திரத்தை அன்று காலையில் எவர் இயக்குகிறாரோ, அவரே அதன் எண்ணெயைப் பார்க்கக் கடமைப்பட்டவர். சொந்தக்காரர், கூலிக்காரர், இரவல் வாங்கியவர் என்ற பேதம் இதில் இல்லை. அவர் அதனைச் செய்வதற்கு வேண்டிய நேரத்தையும் பொருளையும் அளிப்பது, அவ்வியந்திரத்தால் பயன் பெறும் மற்றெல்லோருடைய கடமையுமாகும்.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெய் என்பது இரும்பை வழுக்கச் செய்யும் பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. ஓடும் இயந்திரத்தில் பாரத்தைத் தாங்குவதே எண்ணெய்தான். இங்கிலாந்துப் பொறியியலாளர் பீச்சம் டவர், ரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்து 1883இல் தமது முடிவுகளை வெளியிட்டார். தாங்கியின் மேற்புறத்தில் அவர் இட்ட துளை வழியாக, அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. துளையை மரத்தக்கையால் அடைத்தபோது, தக்கையையும் எண்ணெய் வெளியே தள்ளிற்று. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று ஒடுங்கிய இடுக்கில் நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் உண்டாகும் அமுக்கமே பாரத்தைச் சுமக்கிறது. இதற்குரிய கணித விளக்கத்தை ஒஸ்போன் ரெனால்ட்ஸ் 1886இல் அளித்தார்.

இவ்வாராய்ச்சியினின்று கமக்காரர் அறிய வேண்டியது ஒன்று. நல்ல நிலையில் ஓடும் எஞ்சினில் இரும்பின்மேல் இரும்பு படுவதில்லை. இரண்டுக்கும் இடையில் மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படை நிற்கிறது. அப்படை ஒருமுறை பூசிவிட்டால் நிலைத்திருப்பதன்று. கணந்தோறும் வெளியே தள்ளப்பட்டு, கணந்தோறும் புதிய எண்ணெயால் நிரப்பப்பட வேண்டியது. நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும் ஓர் இறைப்பு எஞ்சின், ஒரு மணித்தியாலத்தில் 1,80,000 தடவை சுழல்கிறது. எண்ணெய் வருவது சில நிமிடம் தடைப்பட்டாலும் எத்தனை ஆயிரம் சுழற்சிகள் உலோகத்தின்மேல் உலோகமாகத் தேயும் என்பதை எவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

எண்ணெய்க்கு வேறு வேலைகளும் உண்டு. பிஸ்டனிலும் தாங்கிகளிலும் உண்டாகும் வெப்பத்தின் ஒரு பகுதியை அது அகற்றுகிறது. பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைத்து வலுக்குறையாது காக்கிறது. கரியையும் உலோகத்தூளையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. ஓடாத காலத்தில் துருப்பிடிக்காது மூடிநிற்கிறது. எனவே எண்ணெய் கறுத்துப்போதல் அதன் குற்றமன்று. அது தன் வேலையைச் செய்ததற்கு அடையாளமே. ஆயினும், ஏந்தக்கூடிய அளவு ஏந்திய பின்னர் அதனை மாற்றாதிருத்தல் இயக்குபவரின் குற்றமாகும்.

தானாக எண்ணெய் பரவும் இயந்திரம்

ஆதியில் இயந்திரத்தை நிறுத்தியே எண்ணெய் விட்டனர். நீராவி ரயில் எஞ்சின்கள் ஓடும் வழியில் அடிக்கடி நிறுத்தப்பட்டு, ஒருவர் எண்ணெய்க்குவளையுடன் இறங்கிப் பாகம் பாகமாக எண்ணெய் இடுவார். இத்தொல்லைக்குப் பரிகாரம் கண்டவருள் ஒருவர் எலைஜா மக்கோய். அடிமைத்தளையினின்று தப்பிய பெற்றோருக்குக் கனடாவில் பிறந்து, ஸ்கொட்லாந்தில் இயந்திரவியல் பயின்ற அவருக்கு, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அமெரிக்க ரயில் சேவையில் பொறியியலாளர் பதவி கிட்டவில்லை. நெருப்பு மூட்டி எண்ணெய் இடும் வேலையே கிடைத்தது. அவ்வேலையைச் செய்துகொண்டே, எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் தொடர்ந்து செல்லும் கருவியொன்றை அமைத்து, 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குறையை நன்கறிந்தவர் எண்ணெய்க்குவளையைக் கையில் ஏந்தியவரே என்பதற்கு இது தக்க சான்று.

இன்றைய கம இயந்திரங்கள் எல்லாம் தாமாகவே எண்ணெயைப் பரப்பிக்கொள்கின்றன. சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டின் அடியில் சிறு அகப்பை போன்ற உறுப்பொன்று உண்டு. அது ஒவ்வொரு சுழற்சியிலும் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயில் தோய்ந்து, அதனை எல்லாப் பாகங்களிலும் விசிறுகிறது. பெரிய எஞ்சின்களில் இவ்வேலையைப் பம்பி ஒன்று செய்கிறது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் சிலவற்றில், எண்ணெய் மேலே வந்து சேர்வதைக் காட்டும் சிறு காட்டியும் உண்டு.

இவ்வசதியே மறதிக்கும் இடமளித்துவிட்டது. தானாக எண்ணெய் பரப்பும் இயந்திரம் தானாக எண்ணெய் உண்டாக்குவதில்லை. முன்னர் மனிதன் நாழிகைதோறும் செய்த வேலை, இப்பொழுது நாளுக்கொரு முறை செய்யும் வேலையாகக் குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. அகப்பைக்கு எட்டாத அளவுக்கு எண்ணெய் குறைந்துவிட்டால், அகப்பை வெறுங்காற்றில் சுழலும். வெளியே ஓசையில் பெரிய வேறுபாடு உடனே தெரியாது. சிறு எஞ்சின்கள் பலவற்றில் அவ்விணைப்புத் தண்டு அலுமினியத்தால் ஆனது. எண்ணெயற்ற அலுமினியம் கிராங்கில் ஒட்டிப்பிடித்து முறியும். முறிந்த துண்டு எஞ்சினின் கூட்டையே துளைத்து வெளிவருவதும் உண்டு. அதன்பின் அவ்வெஞ்சினைத் திருத்துவதினும் புதியது வாங்குவதே மலிவாகிவிடும்.

தோட்டக்காரர் அறிய வேண்டியவை

யாழ்ப்பாணத் தோட்டங்களில் இறைப்பு எஞ்சினைக் கிணற்றுக்கட்டின் ஓரத்திலும் வாய்க்கால் வரம்பிலும் சாய்வாக வைப்பதைக் காணலாம். எஞ்சின் சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். அகப்பை எண்ணெயைத் தொடாது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் எண்ணெயின்றி ஓடும் நிலை இதுவே. ஆகையால் நான்கு கற்களை மட்டமாக அடுக்கி, அதன்மேல் எஞ்சினை வைத்தல் வேண்டும். எண்ணெயளவு பார்ப்பதும், எஞ்சின் மட்டமாக நின்று, நிறுத்திச் சில நிமிடம் கழிந்த பின்னரே செய்யத்தக்கது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களுக்கு மற்றுமோர் ஆபத்து உண்டு. பெற்றோலில் இயக்கிச் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் செலவாகிய அளவுக்கு மண்ணெண்ணெய் சேர்ந்துவிடுவதால் அளவுகோலில் குறைவு தெரியாது. "எண்ணெய் குறையவேயில்லை, நல்ல எஞ்சின்" என்று மகிழ்பவர் உண்மையில் தண்ணீர்போல் நீர்த்துப்போன எண்ணெயில் எஞ்சினை ஓட்டுகிறார். அளவுகோலில் ஒட்டிய எண்ணெயை இருவிரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தலும், முகர்ந்து பார்த்தலும் நன்று. வழுவழுப்புக் குறைந்து மண்ணெண்ணெய் மணம் வீசினால், மணிக்கணக்கைப் பாராது உடனே மாற்ற வேண்டும்.

மாரி மழை தொடங்கி இறைப்பு நின்றதும், எஞ்சினை அப்படியே மூலையில் வைத்துவிடும் வழக்கமும் மாறவேண்டும். பழைய எண்ணெயில் எரிபொருளின் கழிவும் ஈரமும் சேர்ந்து அமிலத்தன்மை உண்டாகிறது. மாதக்கணக்கில் அதிலேயே ஊறும் தாங்கிகள் அரிக்கப்படும். எண்ணெயை மாற்றிச் சில நிமிடம் ஓட்டிய பின் வைப்பதே முறை. ஓய்வுக்குச் செல்லும் எஞ்சினுக்குப் புது எண்ணெய் எதற்கு என்று கேட்பது தவறு.

வயற்காரர் அறிய வேண்டியவை

லான்ட்மாஸ்டர் என்ற பெயர் ஒரு காலத்தில் ஒரு தயாரிப்பின் பெயராக இருந்து, இன்று இரண்டு சக்கர உழவு இயந்திரங்கள் அனைத்துக்கும் ஊர்வழக்கில் பொதுப்பெயராயிற்று. இவ்வியந்திரம் சேற்றுழவின்போது அச்சளவு நீரில் நின்று உழைக்கிறது. அச்சின் இருமருங்கிலுமுள்ள ரப்பர் அடைப்புகள் தேய்ந்தால், சேற்றுநீர் பற்சக்கரப் பெட்டிக்குள் புகும். அங்குள்ள எண்ணெய் பாற்கோப்பிபோல் நிறம் மாறினால் நீர் கலந்துவிட்டது என்பது பொருள். நீர் கலந்த எண்ணெய் பாரந்தாங்காது. அடைப்பை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதற்கு ஒப்பாகும்.

புழுதி உழவின்போது ஆபத்து வேறு வழியில் வருகிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்றுடன் நுண்மணலும் செல்கிறது. அதனைத் தடுப்பதற்காகவே பல டீசல் எஞ்சின்களின் காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய் ஊற்றும் கிண்ணம் அமைந்துள்ளது. அதில் எண்ணெய் வற்றினால் அல்லது புழுதி படிந்து களியானால், மணல் சிலிண்டருக்குள் சென்று எஞ்சின் எண்ணெயுடன் கலந்து, அரத்தைப்போல் உலோகத்தை அராவும். எண்ணெய் அப்பொழுது காக்கும் பொருளாக இராது, தேய்க்கும் பொருளாகிவிடும். புழுதி மிகுந்த நாட்களில் அக்கிண்ணத்தை நாள்தோறும் பார்த்தல் அவசியம்.

அறுவடை இயந்திரத்தில் எஞ்சினைத் தவிர, சங்கிலிகள், கப்பிகள், தாங்கிகள் எனப் பல பாகங்கள் கிறீஸும் எண்ணெயும் வேண்டி நிற்கின்றன. கிறீஸ் துப்பாக்கியால் புதிய கிறீஸை ஏற்றும்போது, தூசி ஏறிய பழைய கிறீஸ் ஓரத்தால் வெளிவரும். அதனைத் துடைத்துவிட வேண்டும். துடையாது விட்டால் அதிலே உமியும் தூசியும் ஒட்டும். காய்ந்த வைக்கோற் துகளுக்கு நடுவில் எண்ணெயின்றிச் சூடேறும் ஒரு தாங்கி, இயந்திரத்துக்கு மட்டுமன்றி விளைந்த வயலுக்கும் நெருப்பாகக்கூடும்.

கூறப்படும் நியாயங்கள்

எண்ணெய் பாராமைக்குப் பல நியாயங்கள் கூறப்படுவதுண்டு. "இத்தனை வருடமாக இப்படியே ஓடுகிறது" என்பது ஒன்று. தேய்வு என்பது கடன்போன்றது. வட்டி சேர்வது கண்ணுக்குத் தெரியாது. கேட்கும் நாளில் முழுவதையும் கேட்கும். அந்த நாள் பெரும்பாலும் அறுவடை நாளாகவோ, மிளகாய் வாடும் நாளாகவோ இருக்கும். ஏனெனில் இயந்திரம் அதிகம் உழைப்பது அந்நாட்களிலேதான்.

"எண்ணெய் விலை அதிகம்" என்பது மற்றொன்று. இதனை அலட்சியஞ் செய்தல் நியாயமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் எண்ணெயும் உதிரிப்பாகங்களும் எட்டாத விலைக்கு ஏறின. அக்காலத்தில் எண்ணெய் மாற்றும் தவணையை நீட்டிய கமக்காரரைக் குறைகூற இயலாது. ஆயினும் கணக்கைப் பார்த்தல் நன்று. சிறிய இறைப்பு எஞ்சின் ஒன்று கொள்ளும் எண்ணெய் சுமார் 600 மில்லிலீற்றர். புது எஞ்சினுக்கு முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் அதனை மாற்றும்படி தயாரிப்பாளர் பலர் கூறுகின்றனர். 100 மணித்தியாலத்துக்கு 600 மில்லிலீற்றர் என்றால், ஒரு மணித்தியால இறைப்புக்கு 6 மில்லிலீற்றர். அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். அம்மணித்தியாலத்தில் எரியும் எரிபொருளின் விலைக்கு இது எம்மாத்திரம்? எண்ணெயின் விலை ஏறிய காலத்திலும், எஞ்சினின் விலை எண்ணெயின் விலையினும் மிக அதிகம் என்பதை மறக்கலாகாது.

செலவைக் குறைக்கும் பொருட்டு, கழித்த எண்ணெயை வடித்துத் தெளியவைத்து மீண்டும் ஊற்றுவோரும் உளர். தெளியவைத்தால் மண் அடியில் தங்கும். கலந்த எரிபொருளும் அமிலமும் தங்கா. எண்ணெயில் தயாரிப்பாளர் சேர்த்த காப்புப் பொருட்களும் முன்னரே செலவாகிவிட்டன. இது சிக்கனமன்று. அவ்வாறே, "குறைவதினும் கூடுதல் நன்று" என்று அளவுக்கு மேல் நிரப்புதலும் கேடே. மிகையான எண்ணெய் நுரைத்துச் சூடேறி, சிலிண்டருக்குட் புகுந்து நீலப்புகையாக வெளியேறும்.

யார் கடமை என்ற கேள்வி

கூலிக்கு வரும் இயந்திரங்களில் இக்கேள்வி மிகவும் சிக்கலாகிறது. ஏக்கர்க் கணக்கில் கூலி பேசப்படும் இடங்களில், நிறுத்திய நேரமெல்லாம் ஓட்டுநருக்கு நட்டமாகத் தோன்றும். வரம்பில் நிற்கும் வயற்காரருக்கோ, மழை இருட்டிவரும் வேளையில் இயந்திரம் கால் மணித்தியாலம் நிற்பதைப் பொறுக்க இயலாது. "பிறகு பார்க்கலாம், வெட்டி முடியும்" என்று அவரும் அவசரப்படுத்துகிறார். இவ்வாறு அவசரப்படுத்தும் வயற்காரரும் அவ்வியந்திரத்தின் கேட்டில் பங்காளியே. இன்று அவர் வயலில் சேமித்த கால் மணித்தியாலம், நாளை அயலவர் வயலில் மூன்று நாள் நட்டமாக வெளிப்படும். அடுத்த போகத்தில் அந்நட்டம் அவர் வயலுக்கே வந்து சேரவுங்கூடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் ஒரு வயலினின்று மறு வயலுக்கு ஓய்வின்றி மாறுகின்றன. ஒன்று நின்றால் அதன்பின் காத்திருக்கும் வயல்கள் அத்தனையிலும் கதிர் சாய்ந்து முளைவிடும்.

பொதுச்சொத்தான இயந்திரங்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகளுள் இயந்திரங்களை உடையனவும் உண்டு. எல்லோருக்கும் சொந்தமான இயந்திரத்துக்கு எண்ணெய் பார்ப்பவர் எவருமிலர் என்ற நிலை அங்கு எளிதில் உண்டாகிவிடும். பெற்றுச் சென்றவர் ஓட்டித் திருப்பிக் கொடுக்கிறார். அடுத்தவர் அதனை நம்பி எடுத்துச் செல்கிறார். பழுதடைந்த நாளில் எவர் கையில் இருந்ததோ அவர்மேல் பழி விழுகிறது. உண்மையில் அப்பழுது பல கைகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்ததாகும்.

இதற்குப் பரிகாரம் பெரும் பணத்தால் ஆவதன்று. முதலாவதாக, ஒவ்வோர் இயந்திரத்துடனும் ஒரு கொப்பி இருத்தல் வேண்டும். இயக்குபவர் நாள், ஓடிய மணித்தியாலம், பார்த்த எண்ணெயளவு, ஊற்றிய எண்ணெய் ஆகிய நான்கையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கையொப்பம் உள்ள இடத்தில் கடமை எவருடையது என்ற வாதம் எழாது. இரண்டாவதாக, கூலி பேசும்போதே எண்ணெய்க்குரிய பங்கையும், அதனைப் பார்ப்பதற்குரிய நேரத்தையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும். விதை, பசளை, எரிபொருள் என்று செலவுக்கணக்கு எழுதும் கமக்காரர், எண்ணெயையும் அவற்றுடன் எழுதட்டும். அது திருத்தச் செலவன்று, செய்கைச் செலவே. மூன்றாவதாக, கைந்நூலிற் கூறப்பட்ட தரத்து எண்ணெயை, வயலுக்குச் செல்லும்போதே ஒரு மூடிய போத்தலில் எடுத்துச் செல்ல வேண்டும். கடை தூரத்திலும் போத்தல் வெறுமையாகவும் இருந்தால், நல்லெண்ணம் உள்ளவரும் "இன்றைக்கு ஓடட்டும்" என்றே கூறுவார்.

கழித்த எண்ணெயைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது என்பதும் இக்கடமையில் அடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே விரைவில் கிணற்று நீரை அடையும். எஞ்சினைக் காத்துக் கிணற்றைக் கெடுத்தல் அறிவுடைமையன்று. கழித்த எண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து, அதனைப் பொறுப்பேற்கும் வாகனத் திருத்தகத்தில் ஒப்படைத்தல் தகும்.

மேற்கூறியவற்றில் எதுவும் விசேட கல்வியை வேண்டி நிற்பதன்று. அளவுகோலை எடுத்துத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். இயக்குபவர் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடட்டும். வரம்பில் நிற்பவர் அதுவரை பொறுத்திருக்கட்டும். இவ்விரண்டும் பழக்கமாகும் ஊரில், விளைந்த நெல் இயந்திரத்துக்காகக் காத்திருந்து மழையில் நனையும் நாட்கள் குறையும்.